உறைய வைத்த எலியைத் தொடாத பால் பைத்தான்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

போன மார்கழியில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அக்கா, மூணு மாசமாத் திங்கவே மாட்டேங்குதுங்க. செத்த எலின்னா திரும்பிக்கூடப் பாக்கறதில்லைங்க. எலியை உசுரோட விட்டுரலாமுங்களா?" எடை எவ்வளவு என்று கேட்டேன். நிறுத்துப் பார்த்ததில்லை என்றான். சூடான பக்கம் எத்தனை டிகிரி என்று கேட்டேன். "கை வெச்சுப் பாத்தா வெதுவெதுன்னுதானுங்க இருக்குது" என்றான். எத்தனை நாளைக்கு ஒருமுறை எலி காட்டுகிறாய் என்றதற்கு, இரண்டு நாளைக்கு ஒருதடவை என்று பதில் வந்தது. அவன் பாம்பு ஏன் தின்னவில்லை என்பது இந்த மூன்று பதிலிலேயே தெரிந்துவிட்டது.

பால் பைத்தானை 'அடம் பிடிக்கிற பாம்பு' என்று சொல்லிச் சொல்லியே நாம் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுகிறோம். பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர் அது, குடிக்கிற பாலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிக்காரப் பாம்பு. பகலெல்லாம் பொந்துக்குள் கிடந்து இருட்டியதும் வேட்டைக்குக் கிளம்பும். மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கும், வெப்பத்தை அவை வழியாக உணரும். எலி செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று அது யோசிப்பதில்லை. சூடு, வாசனை, அசைவு மூன்றும் இருந்தால் அதற்கு அது இரை. செத்த எலியை ஒதுக்குகிறது என்றால் இந்த மூன்றில் ஒன்று குறைகிறது, இல்லையென்றால் கூண்டில் ஏதோ சரியில்லை. எது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

உயிர் எலியைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் இருக்கும் பெண் பாம்புக்குச் செவலை என்று பெயர். காங்கேயம் மாட்டின் செவலை நிறம் அப்படியே அதன் முதுகில் இருக்கும். என்னிடம் வரும்போதே முதுகில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தழும்பு. முன்பு வளர்த்தவர் பசியில்லாத பாம்போடு ஓர் எலியை ராத்திரி முழுக்க விட்டுவைத்திருக்கிறார். எலி முதுகைக் கடித்துத் தசை வரை போய்விட்டது. இன்றைக்கும் சட்டை உரிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் தோல் பிசிறாக ஒட்டி நிற்கும், ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கடி கண்ணில் விழுந்திருந்தால் கண்ணே போயிருக்கும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாரை, மண்ணுளி, நம் மலைப்பாம்பு என்று எந்த நாட்டுப் பாம்பையும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்க்க முடியாது. பால் பைத்தான் வெளிநாட்டு இனம் என்றாலும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2022 திருத்தத்துக்கும் 2024இல் வந்த விதிகளுக்கும் பிறகு அதை மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு இல்லாத பாம்பை வாங்காதீர்கள்.

முதலில் தராசு, அப்புறம் தெர்மாமீட்டர்

கீழே உள்ள எந்த அறிகுறிக்கும் போவதற்கு முன் பாம்பை நிறுத்து நோட்டில் எழுதுங்கள். சமையலறையில் இருப்பது மாதிரி ஒரு டிஜிட்டல் தராசு போதும், ஆனால் சமையலறைத் தராசையே எடுக்க வேண்டாம், தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள். மூடியுள்ள டப்பாவை வைத்துப் பூஜ்யமாக்கி, பாம்பை அதில் விட்டு நிறுக்க வேண்டும். பத்து நாளைக்கு ஒருமுறை போதும். செவலை ஒரு வருடம் 14 வாரம் பட்டினி கிடந்தது. 1,340 கிராமில் தொடங்கி 1,275 கிராமில் நின்றது, நூற்றுக்கு ஐந்துகூடக் குறையவில்லை. அந்த நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் நான் பதறிப்போய் ஏதாவது தப்பாகச் செய்திருப்பேன். நன்றாக வளர்ந்த பாம்பு சில மாதம் தின்னாமல் இருப்பது இயல்பு. எடை பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அது இயல்பு இல்லை. குட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது, அதற்குச் சேமிப்பு குறைவு. நான்கைந்து வாரம் தொடர்ந்து மறுத்தாலே கவனிக்க வேண்டும்.

கூண்டின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. ராத்திரியிலும் 24க்குக் கீழே போகக் கூடாது. கை வைத்துப் பார்ப்பது கணக்கில் வராது, ஏனென்றால் 28 டிகிரியும் நம் கைக்கு இதமாகத்தான் இருக்கும். அந்தச் சூட்டில் பாம்புக்குச் சரியாகச் செரிக்காது, அதனால் தின்னாது. கோபித் தம்பி வீட்டில் அளந்தபோது விடியற்காலையில் 26தான் இருந்தது. அது சூடான பக்கத்தின் கணக்கு.

கிட்டே வருகிறது, நாக்கை நீட்டுகிறது, ஆனால் கவ்வாமல் திரும்பிவிடுகிறது

அடிக்கடி வரும் புகார் இதுதான், எளிதாகத் தீர்வதும் இதுதான். பாம்புக்குப் பசி இருக்கிறது, வாசனையும் பிடித்திருக்கிறது. எலியில் சூடு இல்லை.

பெரும்பாலானவர்கள் உறைந்த எலியை வெந்நீரில் போட்டு, வெளித்தோல் இளகியதும் எடுத்து நீட்டிவிடுகிறார்கள். உள்ளே பனிக்கட்டி அப்படியே இருக்கும். நான் செய்வது இது. முந்தின நாள் ராத்திரி எலியை ஜிப் கவரில் போட்டு, இன்னொரு டப்பாவுக்குள் மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவேன். மறுநாள் சாயங்காலம் அது முழுக்க இளகியிருக்கும். வயிற்றை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், எங்கேயும் கட்டியாகத் தட்டக் கூடாது. பாம்புக்குக் கொடுக்கும் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால், கை பொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான வெந்நீரில் கவரோடு அமிழ்த்துவேன். கொதிநீர் ஆகாது. தோல் வெந்து வயிறு வெடித்துவிடும், வாசனையும் மாறிப்போகும். மைக்ரோவேவ் கூடவே கூடாது, உள்ளே ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் பச்சையாக இருக்கும்.

எடுத்ததும் பழைய துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும், சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் சில பாம்புகள் தொடாது. அப்புறம் எலியின் தலையை மட்டும் ஹேர் ட்ரையரில் அரை நிமிடம் காட்டுவேன். வெப்பத்தைத் தொடாமல் அளக்கும் துப்பாக்கி மாதிரியான தெர்மாமீட்டர் இருந்தால் மூக்குப் பக்கம் 38 முதல் 40 டிகிரி காட்ட வேண்டும். உடல் கொஞ்சம் ஆறியிருந்தாலும் பரவாயில்லை, தலை சூடாக இருக்கட்டும். பாம்பு தலையைத்தான் தேடும், விழுங்குவதும் பெரும்பாலும் தலையிலிருந்துதான்.

அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஓரடி நீளமாவது உள்ள இடுக்கியால் எலியின் முதுகுத்தோலையோ இடுப்பையோ பிடித்துக்கொள்ளுங்கள். வாலைப் பிடித்துத் தொங்கவிட்டால் அது எலி நடப்பது போல இருக்காது. பாம்பின் முகத்துக்கு நேராகக் குத்துவது போலக் கொண்டுபோக வேண்டாம். ஒரு சாண் தள்ளி, தரையோடு தரையாக, பக்கவாட்டில் மெல்ல நகர்த்த வேண்டும். இரண்டு அங்குலம் நகர்த்தி நிறுத்துங்கள், திரும்பவும் ஓர் அங்குலம். செவலைக்கு நான் இப்படிக் காட்டும்போது முதலில் நாக்கு வருகிற வேகம் கூடும். அப்புறம் நாக்கு நின்றுவிடும். கழுத்து எஸ் வடிவத்தில் பின்னால் மடங்கும். அந்த நொடியில் நம் கையும் அசையாமல் நிற்க வேண்டும். அடுத்தது கண்ணுக்குத் தெரியாது, டக்கென்ற ஒரு சத்தம்தான், எலியைச் சுற்றி மூன்று வளையம் விழுந்திருக்கும். இடுக்கியை உடனே விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். படம் எடுக்க நிற்க வேண்டாம்.

பத்து நிமிடத்தில் கவ்வவில்லை என்றால் எலி ஆறிப்போயிருக்கும். ஒரே ஒருமுறை மறுபடி சூடாக்கிப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். இளகிய எலியைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்கவும் கூடாது.

எலியைக் கண்டதும் சுருண்டு தலையை மறைத்துக்கொள்கிறது

இது பயம். பசி இருந்தாலும் பயம் முந்திக்கொள்ளும். புதிதாக வந்த பாம்பு என்றால் பத்து நாள் தொடவே வேண்டாம், எலியும் காட்ட வேண்டாம், தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். கூண்டைப் பாருங்கள். நாலாபக்கமும் கண்ணாடியாக, நடுவில் ஒரே ஒரு மரத்துண்டோடு இருந்தால் அந்தப் பாம்புக்கு ஒளிய இடமே இல்லை. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று இரண்டு பொந்து வேண்டும். உள்ளே சுருண்டு படுத்தால் அதன் முதுகு சுவரில் படுகிற அளவுக்குப் பொந்து சின்னதாக இருக்க வேண்டும். தேங்காய்த் தொட்டி பெரியதாகக் கிடைத்தால் குட்டிக்கு அதுவே நல்ல பொந்து. மூன்று பக்கக் கண்ணாடிக்கு வெளியே அட்டை ஒட்டுங்கள்.

எலி பெரியதாக இருந்தாலும் மிரளும். பாம்பின் உடம்பில் மிகத் தடித்த இடம் எவ்வளவோ அவ்வளவுதான் எலியின் அகலம் இருக்க வேண்டும். 300 கிராம் குட்டிக்கு 30, 40 கிராம் எலி போதும். செவலை அளவுக்கு வளர்ந்ததற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 80 முதல் 100 கிராம். பெரிய எலியாகக் கொடுத்துச் சீக்கிரம் வளர்க்க ஆசைப்பட வேண்டாம்.

அப்புறம் கோபித் தம்பி செய்த தவறு. இரண்டு நாளைக்கு ஒருதடவை எலியை முகத்துக்கு முன்னால் ஆட்டினால், இடுக்கி வந்தாலே தொல்லைதான் என்று பாம்பு பழகிவிடும். மறுத்தால் வளர்ந்ததற்குப் பத்துப் பதினைந்து நாள், குட்டிக்கு ஒரு வாரம் சும்மா விடுங்கள். நான் சொல்லும் எல்லா வழிகளிலும் கடைப்பிடிக்கக் கஷ்டமானது இதுதான். பெற்ற குழந்தை சாப்பிடவில்லை என்றால் கிண்ணத்தோடு பின்னாலேயே ஓடுகிற நமக்கு, சும்மா இருப்பது லேசில் வராது.

உயிரோடு இருந்தால் பாய்கிறது, செத்ததைத் தொடுவதே இல்லை

குட்டியிலிருந்து உயிர் இரையே தின்று பழகிய பாம்பு இது. ஒரேயடியாக மாற்ற முடியாது, படிப்படியாகத்தான் கொண்டுவர வேண்டும்.

முதல் படி, அப்போதுதான் கொன்ற எலி. உடம்புச் சூடும் வாசனையும் அப்படியே இருக்கும், குறைவது அசைவு மட்டும்தான், அதை இடுக்கி பார்த்துக்கொள்ளும். எலியை வலியில்லாமல் கொல்வது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. இரை எலி வளர்த்துக் கொடுப்பவரிடமே அதைச் செய்து வாங்குங்கள். இரண்டு மூன்று வேளை அப்படித் தின்றதும், கொன்று ஆறியதைச் சூடாக்கிக் கொடுங்கள். அதையும் தின்றால் உறைந்து இளகியதற்கு வந்துவிடலாம். செவலைக்கு இந்த மூன்று படிக்கும் சேர்த்து நாலு மாதம் ஆனது.

உறைந்ததில் வாசனை குறைவு என்று தோன்றினால் அதைக் கூட்ட வழிகள் உண்டு. எலி வளர்க்கும் டப்பாவில் அடியில் கிடக்கும் பழைய உமியில் ஒரு பிடி வாங்கி வந்து, இளகிய எலியை அதில் புரட்டி எடுங்கள். சுண்டெலியே தின்று வளர்ந்த பாம்பு பெரிய எலியை மறுத்தால், சுண்டெலிக் கூண்டின் உமி வேலை செய்யும். இயற்கையில் இந்தப் பாம்புகள் பறவைக் குஞ்சுகளையும் தின்பவை, அதனால் கோழிக்குஞ்சு வாசனைக்கும் சிலது மயங்கும். பல்லடம் பக்கம் தெரிந்த பண்ணை இருந்தால் குஞ்சுகளின் மெல்லிறகு கொஞ்சம் கேட்டு வாங்கி எலிமேல் தேய்க்கலாம். கோழிக்கும் ஊர்வனவற்றுக்கும் சால்மோனெல்லா கிருமி பொதுவானது, முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இன்னும் மசியவில்லை என்றால் எலியின் மண்டையோட்டை ஊசியால் குத்தி, மூளை கொஞ்சம் வெளியே வரும்படி செய்து மூக்கில் தடவுவது உண்டு. பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் பிடிவாதமான குட்டிகளிடம் பலன் தெரியும். கார்ன் ஸ்நேக் வளர்ப்பவர்களுக்கு இதுதான் முதல் வழி. அந்த இனத்துக்கு உதட்டில் வெப்பக் குழிகள் கிடையாது, ஹேர் ட்ரையர் வித்தை அதனிடம் அவ்வளவாகப் பலிக்காது, வாசனைதான் எல்லாம்.

கடைசியாக ஒன்று. கூச்ச சுபாவமான பாம்புக்கு இடுக்கியே இடைஞ்சல். சூடாக்கிய எலியைப் பொந்தின் வாசலில் ஒரு சின்னத் தட்டில் வைத்து, கூண்டைத் துணியால் மூடி, காலையில் வந்து பாருங்கள். செத்த எலி கடிக்காது, ராத்திரி முழுக்க இருக்கலாம். காலையில் மீதி இருந்தால் எடுத்துப் புதைத்துவிடுங்கள்.

தோட்டத்திலும் குடோனிலும் பொறியில் விழுந்த எலியை இலவசமாகக் கிடைக்கிறதே என்று கொடுத்துவிடாதீர்கள். நம் பக்கம் எலி மருந்து வைக்காத குடோனே கிடையாது. மருந்து தின்ற எலி பார்ப்பதற்கு நல்ல எலி போலவே இருக்கும், விஷம் பாம்புக்குள்ளும் போய்விடும். புழுக்களும் கூடவே வரும்.

கவ்வுகிறது, சுற்றுகிறது, அப்புறம் விட்டுவிட்டுப் போய்விடுகிறது

நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள், அல்லது விளக்கைப் போட்டுவிட்டீர்கள். இல்லையென்றால் எலி உள்ளே குளிராக இருக்கிறது, சுற்றி இறுக்கும்போது அது தெரிந்துவிடும். இடுக்கியை விடாமல் ஒரு நொடி லேசாக இழுத்தால் எலி திமிறுவது போல இருக்கும், பிடி இறுகும். அத்தோடு விட்டுவிடுங்கள்.

ஐப்பசியில் நிறுத்தியது, மாசி வரை தொடவில்லை

ஆண் பாம்பு என்றால் இணை சேரும் பருவம் அது, குளிர்மாதங்களில் பலதும் நிறுத்திவிடும். வளர்ந்த பெண்ணும் நிறுத்தலாம். எடை நின்றால் விட்டுவிடுங்கள், பதினைந்து இருபது நாளைக்கு ஒருமுறை காட்டினால் போதும். ஆனால் பருவத்தின்மேல் பழியைப் போடும் முன் சூட்டை அளந்துவிடுங்கள். மார்கழி, தையில் கோயம்புத்தூரிலும் பொள்ளாச்சியிலும் விடியற்காலை நன்றாகவே குளிரும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஜன்னலோரக் கூண்டைப் பகலிலேயே ஆறவைத்துவிடும். ஜன்னல் பக்கத்திலிருந்து உள்சுவருக்கு மாற்றியதுமே தின்ன ஆரம்பித்த பாம்புகளைப் பார்த்திருக்கிறேன்.

கண் நீலம் பூத்து, தோல் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது. உரித்து முடிக்கும்வரை எலி காட்ட வேண்டாம். உரித்த மறுநாள், மறுவாரம் நல்ல பசியில் இருக்கும்.

தண்ணீர்ப் பாத்திரத்திலேயே கிடக்கிறது, தின்பதில்லை

சூடு அதிகம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஈரோடு, கரூர்ப் பக்கம் சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே 36, 37 வரும், அப்போது கூண்டைச் சூடாக்க வேண்டியதே இல்லை. என் வீட்டில் ஒருமுறை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சென்சார் கழன்று குளிர்ந்த பக்கம் விழுந்து கிடந்தது. அங்கே குளிராக இருக்கிறது என்று நினைத்து அது கூண்டுக்குச் சூடு தரும் ஹீட் மேட்டை நிறுத்தவே இல்லை. தரை 41 டிகிரிக்குப் போய்விட்டது. செவலை இரண்டு நாள் தண்ணீரில் கிடந்துதான் தப்பித்தது. அதிலிருந்து சென்சார் ஓரிடம், தனி தெர்மாமீட்டர் ஓரிடம் என்று இரண்டு வைத்திருக்கிறேன். சென்சாரை ஒட்டுநாடாவால் கூண்டுக்குள் ஒட்டாதீர்கள், பாம்பின் தோலில் பிடித்துக்கொண்டால் செதில் பிய்ந்துவிடும். வெளியிலிருந்து கம்பியைக் கட்டி நிறுத்துங்கள்.

சூடு சரியாக இருந்தால் தண்ணீரை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். கடுகைவிடச் சின்னக் கரும்புள்ளிகள் மிதந்தால் அது சிற்றுண்ணி. அதைத் தீர்க்காமல் பாம்பு தின்னாது, மருந்தை மருத்துவரிடம் கேட்டே போடுங்கள். இரண்டும் இல்லை என்றால் கூண்டு காய்ந்து கிடக்கிறது. நம் மழைமறைவுப் பூமியில் மாசி, பங்குனிக் காற்று உதட்டையே வெடிக்க வைக்கும், பாம்புக்கோ 55 முதல் 65 சதவீத ஈரப்பதம் வேண்டும். பொள்ளாச்சித் தேங்காய் நார்க்கழிவுக் கட்டிக்கு இணையான படுக்கை வேறு இல்லை என்பது என் அனுபவம். உப்புப் போகும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, பிழிந்து, கையில் பிடித்தால் பொலபொலவென்று உதிர்கிற பதத்தில் போடுங்கள். சொதசொதவென்று இருந்தால் வயிற்றுப் பக்கச் செதில் புண்ணாகும்.

தின்றது, இரண்டு நாளில் கக்கிவிட்டது

உடனே அடுத்த எலியைக் கொடுக்காதீர்கள். கக்கும்போது வயிற்று அமிலம் தொண்டையைப் புண்ணாக்கியிருக்கும். பதினான்கு நாள் தண்ணீர் மட்டும். அதன் பிறகு வழக்கத்தில் பாதி அளவுள்ள எலி ஒன்று, இன்னும் பதினைந்து நாள் கழித்து அதே அளவில் இன்னொன்று. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: தின்ற பின் கையில் எடுத்தது, சூடு குறைந்தது, எலி பெரியது. தின்ற பிறகு இரண்டு நாள் முழுக்கத் தொடக் கூடாது, விருந்தாளி வந்தாலும் காட்டக் கூடாது. தின்ற அன்று ராத்திரி கரண்ட் போய்விட்டால் கூண்டைக் கம்பளியால் போர்த்தி, வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவது தடவையும் கக்கினால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

எடை இறங்குகிறது, அல்லது வாயில் ஏதோ தெரிகிறது

வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, மூச்சில் விசில் சத்தம், ஈறில் சிவப்பு அல்லது தயிர் போன்ற வெள்ளை, முதுகெலும்பு கூரையாகத் துருத்துவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன எதையும் முயல வேண்டாம். வாயைப் பிளந்து எலியைத் திணிக்கவும் வேண்டாம், அது மருத்துவர் மட்டும் எடுக்க வேண்டிய முடிவு.

ஊர்வன பார்க்கிற மருத்துவர் யார் என்பதைப் பாம்பு நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், மாடும் நாயும் பார்க்கிற எல்லோரும் பாம்பு பார்ப்பதில்லை. போகும்போது பாம்பைத் தலையணை உறையில் விட்டு, உறையின் வாயைக் கட்டி, காற்றோட்டமுள்ள டப்பாவில் வையுங்கள். எடை எழுதிய நோட்டு, கூண்டின் சூடான, குளிர்ந்த பக்கப் படங்கள், கிடைத்தால் கடைசியாகப் போட்ட கழிவு ஒரு சின்ன டப்பாவில், பதிவுச் சான்றின் நகல், இவ்வளவும் கையில் இருக்கட்டும்.

கோபித் தம்பிக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. தெர்மோஸ்டாட் வாங்கினான், இரண்டாவது பொந்து வைத்தான், இருபது நாள் எலியே காட்டவில்லை. தை கடைசியில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு மறுபடி போன். குரலைத் தணித்துப் பேசினான், கதவுக்கு வெளியே நின்றிருப்பான் போல. "அக்கா, புடிச்சிருச்சுங்க. வாலு மட்டுந்தானுங்க வெளிய இருக்குது." விளக்கைப் போடாமல் போய்ப் படுத்துக்கொள் என்றேன்.